மோதிரவிரலில் பாதி

ராஜாம்பாளின் வலது மணிக்கட்டை வெட்டி நேராக்கிய பிறகுதான் அந்த விநோதம் தொடங்கியது. அவள் இப்போது இல்லை. போன ஐப்பசியில் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கும் கைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு அவள் முகத்துக்கு முன்னால் கைதான் வருகிறது.

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் ஒரு நர்சரிப் பள்ளியின் ஆபீசில் வேலை பார்த்தவள். வருகைப் பதிவேடு எழுதுவது, அழுகிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்வது, இவ்வளவுதான் என் வேலை. ராஜாம்பாளுக்கு மட்டும் நான் டீச்சர். "பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றவள வேற எப்படிக் கூப்புடுறதாம்?" என்பாள்.

அவள் நண்டு விற்றாள். வீட்டுக்காரர் இராமதாஸ் விடியுமுன் பைபர் போட்டில் போய் நண்டு வலையைத் தூக்கி வருவார். ஏழு மணிக்குக் கரையில் பிரித்து, எட்டு மணிக்கு ரோட்டோரம் கூடையும் ஐஸ் பெட்டியுமாக ராஜாம்பாள் உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் வாங்குகிறவர்கள் நண்டைப் பார்க்க மாட்டார்கள். அவள் கட்டைவிரலைப் பார்ப்பார்கள். நண்டைப் புரட்டி, காலின் அடிப்பாகத்தில் கட்டைவிரலால் ஒரே அமுக்கு. சதை இருந்தால் ஓடு கல் மாதிரி நிற்கும். சதையில்லாத தண்ணீர் நண்டாக இருந்தால் ஓடு துளி உள்ளே போய் வரும். அந்தத் துளி வெளியாளுக்குத் தெரியாது. நான் எத்தனையோ முறை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லா நண்டும் கல்தான்.

கையை வெட்டி நேராக்கியதற்கு முந்தைய வருஷம் மாசியில், அலைக்காகக் கொட்டியிருக்கும் கருங்கல்லில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். ஒரு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து முட்டைக் கட்டுப் போட்டார்கள். நாற்பது நாள் கழித்து அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாக. மணிக்கட்டின் மேல் ஒரு மேடு. கை லேசாக வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது. புடவையைப் பிழிந்தால் வலி, ஐஸ் பெட்டியைத் தூக்கினால் வலி. ஒரு வருஷம் அப்படியே ஓட்டினாள். பிறகு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று கிளம்பினாள்.

இராமதாஸுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை.

"கூடுன எலும்ப திரும்ப வெட்டி ஒட்டுறதுக்கு அது இன்னா பலகையா?"

"போட்டுல விரிசல் வுட்டா பைபர் வச்சி ஒட்டுறியே. அது மட்டும் பலகையா?"

"போட்டுக்கு வலிக்காது."

"எனக்கு இப்பவே வலிக்குதுய்யா. அதுக்குத்தான் போறேன்."

"போ. போயிட்டு வந்து எங்கிட்ட அழுவாத. நான் இப்பவே சொல்லிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு வாய்ப்பாடு. மழை வரும், டீசல் தீரும், மகள் கவிநிலா சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிடுவாள், எல்லாவற்றையும் அவர் முன்பே சொல்லியிருப்பார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய போட்டுகள் கரையில் நிற்கும், கூட்டமும் குறைவு. அந்த நாட்களாகப் பார்த்து ஆபரேஷன் வைத்துக்கொண்டாள். எலும்பை வெட்டி, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து இடைவெளியில் வைத்து, தகடும் ஸ்க்ரூவும் போட்டார்கள். டாக்டர் அறிவுமதி சின்ன வயதுப் பெண். படத்தைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கம்மா, நேரா இருக்கு" என்றாள். நிஜமாகவே நேராக இருந்தது. ராஜாம்பாள் அந்தப் படத்தை வீட்டு ஜன்னலில் செருகி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். வெயில் விழும்போது ஆணி ஆறும் பளிச்சென்று தெரியும்.

முதல் வாரம் கை வீங்கி இருந்தது. விரல்களில் ஊசி குத்துகிறது என்றாள். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் ஆட்காட்டிவிரலின் நுனியில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன்.

"இன்னாடி இது?"

"டீ கிளாஸ் சுட்டிருக்கும்."

"சுட்டது தெரியலையா?"

"எங்க கையே அப்படித்தான் டீச்சர். முப்பது வருஷமா ஐஸ்ல கெடக்கு. மரத்த கைய டீ கிளாஸ புடிச்சிப் புடிச்சித்தான் எழுப்புறோம். மீன் விக்கிறவளுக்குச் சுட்டா தெரியவா போவுது?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. அந்த வரிசையில் உட்காரும் எல்லாப் பெண்களும் காலை ஒன்பது மணிக்கு இரண்டு கையாலும் டீ கிளாஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மரத்துப்போவது அவர்களுக்கு நோய் இல்லை. காலைப்பொழுது.

மூன்று வாரம் முடிந்ததும், மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ரோட்டோரம் உட்கார்ந்தாள். தூக்குவதெல்லாம் இராமதாஸ். அமுக்குவது மட்டும் இவள். புண் ஆறும்வரை நண்டு தின்னக்கூடாது என்று பத்தியம் வேறு. சுறாப்புட்டும் மிளகு ரசமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தான் விற்ற நண்டை அவள் ருசி பார்க்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ழான்-மரி மொபெட்டில் வந்து இறங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குப்பத்தில் அவரைச் சொல்தா என்பார்கள், நேரில் முசே என்பார்கள். சர்ச்சில் பூசை முடிந்து வருகிற வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"போன்ழூர், ராஜாம்பா. கை எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு முசே. நேத்து எடுத்தீங்களே, நண்டு எப்படி?"

அவர் பதில் சொல்லாமல் பையை அவள் முன்னால் பிரித்தார். சமைத்துத் தின்ற நண்டின் ஓடுகள். கழுவித் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

"எட்டு நண்டு. எம் பொண்ணு ஜிசேல் ஊர்லேர்ந்து வந்திருக்கா. உடைச்சா, உள்ள தண்ணி. இன்னொண்ணு உடைச்சா, தண்ணி. எட்டுல அஞ்சு. 'பப்பா, இதுக்கா இத்தன பெருமை பேசின'ன்னு கேக்குறா."

ராஜாம்பாளின் முகம் சிவந்துவிட்டது. "நீங்க வேற எவகிட்டயோ வாங்கியிருப்பீங்க."

"பதினோரு வருஷமா உங்கிட்டத்தான் வாங்குறேன். அதனாலதான் சண்ட போடல, எடுத்துக்கிட்டு வந்தேன்."

"நான் ஒவ்வொண்ணா அமுக்கித்தான் குடுத்தேன். பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

"பாத்தேன். அமுக்கின. ஆனா முன்னெல்லாம் அமுக்கும்போது நீ நண்டப் பாக்க மாட்ட, கடலப் பாப்ப. நேத்து நண்டயே உத்துப் பாத்துக்கிட்டு அமுக்கின." அவர் மொபெட்டைத் திருப்பினார். "கோபம் இல்லம்மா. டாக்டர்கிட்ட காட்டு."

அவர் போனதும் அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். நான் கீரை வாங்க வந்து அங்கே நின்றிருந்தேன்.

"சொல்தாவுக்கு வயசாயிடுச்சி டீச்சர். ஓட்ட அடுக்கி எடுத்துக்கிட்டு வர்றாரு பாரு."

எனக்கோ அவர் சொன்ன அந்த ஒரு விஷயம் உள்ளே குடைய ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் கூடை வீட்டுக்கு வந்ததும் போனேன்.

"ராஜாம்பா, கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடேன்."

மிச்சமிருந்ததில் இரண்டு நண்டை இராமதாஸிடம் கேட்டு எடுத்தேன். ஒன்று கனமானது, ஒன்று தண்ணீர் என்று அவரே அமுக்கிப் பார்த்துச் சொன்னார். முதலில் இடது கையில் கொடுத்தேன்.

"இது சதை. இது தண்ணி. இன்னா வெளையாட்டு இது?"

சரியாகச் சொன்னாள். பிறகு வலது கை. புரட்டினாள், அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். நெற்றி சுருங்கியது.

"இது... சதை."

"அது?"

"அதுவும் சதைதான்."

இராமதாஸ் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன். அவள் கண்ணைத் திறந்து கையிலிருந்த தண்ணீர் நண்டைப் பார்த்தாள். கண்ணைத் திறந்துகொண்டே அமுக்கினாள். ஓடு உள்ளே போனது எனக்கே தெரிந்தது, அவ்வளவு அழுத்தம். நண்டின் கால் முறிந்தது.

"ஐஸுதான்" என்றாள். "காலைலேர்ந்து ஐஸ்ல இருந்துச்சில்ல."

"எடது கையும்தான ஐஸ்ல இருந்துச்சி?"

அவள் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினேன். மறுபடி கண்ணை மூடச் சொல்லி, நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். தொடும்போது 'உம்' கொட்ட வேண்டும், அதுதான் ஆட்டம். சிறுவிரலைத் தொட்டேன். "உம்." உள்ளங்கையின் வெளி ஓரம். "உம்." கட்டைவிரல். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்காட்டிவிரல். சும்மா இருந்தாள். நடுவிரல். "தொட்டியா இல்லியா? எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்குறது?"

மோதிரவிரலில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிறுவிரல் பக்கம் தொட்டால் "உம்." நடுவிரல் பக்கம் தொட்டால் சத்தமே இல்லை. பத்துத் தடவை மாற்றி மாற்றித் தொட்டேன். ஒரே விரல். நடுவில் கத்தி வைத்து வகுந்த மாதிரி ஒரு பாதி இருந்தது, ஒரு பாதி இல்லை.

பேனாவை எடுத்து அந்த எல்லையைக் கோடு போட்டேன். கோடு மோதிரவிரலின் நடுவே நேராக இறங்கி, உள்ளங்கையில் வளைந்து, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்தது. அவள் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. தன் கையை முதல்முறை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர் இது? பாதி வெரலு புதுச்சேரி, பாதி வெரலு தமிழ்நாடா?"

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி."

"கோட்ட அழிச்சிட்டு வர்றேன்."

"அழிக்காத. அப்படியே வா."

மறுநாள் மூன்று பேருமாக டெம்போ ஏறிப் போனோம். டாக்டர் அறிவுமதி கோட்டைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"யாரு வரைஞ்சது?"

"டீச்சரு" என்றாள் ராஜாம்பாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எங்க புத்தகத்துல இருக்குற படம் அப்படியே இருக்கு." மணிக்கட்டில் தன் விரலால் தட்டினாள். ராஜாம்பாள் 'ஸ்' என்று கையை இழுத்தாள். நடுவிரல்வரை ஷாக் அடிக்கிறதாம். கட்டைவிரலைச் சிறுவிரலின் நுனியில் வைக்கச் சொன்னாள் டாக்டர். கட்டைவிரல் பாதி தூரம் வந்து, படுத்துவிட்டது. அதன் அடியில் இருக்கும் சதைமேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுக் காட்டினாள். வலது கையில் அது கொஞ்சம் வற்றியிருந்தது.

"மணிக்கட்டுல ஒரு சின்னச் சந்து இருக்கும்மா. கீழ எலும்பு. மேல கெட்டியான ஒரு பட்டை. அதுக்குள்ள விரல மடக்குற கயிறு ஒம்பது போகுது, கூடவே ஒரு நரம்பும் போகுது. எலும்ப நேராக்குனதுல உள்ள வீக்கம். பட்டை விரிஞ்சு குடுக்காது. அப்ப யாரு நசுங்குறது?"

"டெம்போல கூடைக்கு நடுவுல சிக்குன பொம்பள மாதிரி."

"அதேதான். நரம்பு நசுங்குது."

"சுண்டுவெரலு மட்டும் ஏன் தப்பிச்சிச்சி?"

"அதுக்கு வேற நரம்பு. இந்தச் சந்துக்குள்ள வராம வெளியால போகுது. மோதிரவிரல் ரெண்டு நரம்புக்கும் பொது. ஆளுக்குப் பாதி."

என்னால் அடக்க முடியவில்லை. "எல்லாருக்குமா டாக்டர்? என் விரலும் அப்படித்தானா?"

"பெரும்பாலும் எல்லாருக்கும்."

நான் என் மோதிரவிரலைப் பார்த்தேன். ராஜாம்பாளும் என் விரலைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இரண்டு பேரும் இதைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

டாக்டர் குரல் மாறியது. "தையல் பிரிக்கும்போது மரத்திருக்கான்னு கேட்டேனே. ஐஸ் கை, எப்பவும் அப்படித்தான்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஆபரேஷன் ஆகி பன்னெண்டு நாள் கழிச்சி வந்தீங்க. அந்தப் பன்னெண்டு நாள்ல ஐஸ்ல கை வச்சீங்களா?"

ராஜாம்பாள் தலை குனிந்துகொண்டாள். வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மீன்காரியின் மரத்த கையை நாங்கள் எல்லோரும் அவ்வளவு சுலபமாக நம்பியிருந்தோம். ஐஸைத் தொடாத பன்னிரண்டு நாளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"வைக்கல" என்றாள்.

"அப்புறம்?"

இராமதாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டரம்மா..."

"இதுக்குத்தான்!" ராஜாம்பாள் அவர் பக்கம் திரும்பினாள். நான் அவளை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "இதுக்குத்தான்யா சொல்லல. வெரலு மரத்துப்போச்சின்னு சொன்னா நீ 'நான் அப்பவே சொன்னேன்'ம்ப. சாவுற வரைக்கும் சொல்லுவ. பேரப்புள்ள பொறந்தா அதுங்கிட்டயும் சொல்லுவ. வெரலு போனா போவுது, அந்தப் பேச்ச கேக்கவேணாம்னு ஐஸுன்னு சொன்னேன். போதுமா?"

இராமதாஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வலை இழுத்துக் காய்த்த கை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் ராஜாம்பாளிடம் சொன்னாள். "அந்தப் பட்டையத் திறந்து நரம்புக்கு இடம் விடணும். சின்ன ஆபரேஷன்தான். ஆனா நாள் தள்ளக் கூடாது. தள்ளுனா கட்டைவிரல் இனி எதையும் புடிக்காது. ஏற்கெனவே லேட்டு."

"தெறந்தா பழையபடி வருமா?"

"வரலாம். கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். எனக்கே தெரியாது."

"வலி இல்லியே டாக்டரம்மா. ஒரு வருஷமா வலிச்ச கை. இப்ப வலியே இல்ல. இப்படியே இருந்துட்டா என்ன?"

"உணர்ச்சியோட வலியையும் சேத்துத்தான் நரம்பு விட்டுக்கிட்டு இருக்கு. எங்களுக்கு நீங்க வலிக்குதுன்னு சொன்னாதான் சந்தோஷம்."

ராஜாம்பாள் என்னைப் பார்த்தாள். எனக்கு முறிந்த நண்டுக்கால் நினைவுக்கு வந்தது. "நேத்து நீ எவ்ளோ அழுத்தினேன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது."

அதற்குள் இராமதாஸ் மூன்று டீயோடு வந்தார். ஒன்றை அவள் இடது கையில் கொடுத்தார். வலது கை நீண்டதும் கிளாஸைத் தள்ளிப் பிடித்தார்.

"சுடும். அந்தக் கையில வாங்காத."

அவ்வளவுதான் பேசினார். பிறகு டாக்டரிடம், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"அவங்கதான் போடணும்."

அவள் போட்டாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் பேனா நிற்கவில்லை. 'ரா' காகிதத்தை விட்டு வெளியே போயிற்று. கடைசியில் இடது கையால் எழுதி முடித்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷன். கை மட்டும் மரக்க ஊசி போட்டார்கள். உள்ளே போகும்போது, "மரத்த கைய மரக்க வச்சி மரத்தத எடுக்கப் போறாங்களாம், கேட்டியா டீச்சர்?" என்று சிரித்தாள். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். பட்டையைத் திறந்ததும் நரம்பு வீங்கி, நடுவில் உடுக்கையின் இடுப்பு மாதிரி ஒடுங்கி இருந்ததாம். டாக்டர் செல்போனில் காட்டினாள். வெளுத்த ஒரு நாடா. எட்டு நண்டில் ஐந்தைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது இதுதானா என்று நான் ரொம்ப நேரம் அதையே பார்த்தேன்.

அதன்பின் காத்திருப்புதான். வாராவாரம் ஈர்க்கு, வாராவாரம் கோடு. ஆடியில் கட்டைவிரலின் அடிப்பாகம் "உம்" சொன்னது. கோடு ஒரு நெல்லளவு நகர்ந்தது. ஆவணியில் நகரவே இல்லை. ராஜாம்பாள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தாள், ஆனால் நண்டு கேட்டவர்களிடம், "கை சரியில்ல, நண்ட நம்பி வாங்காத, சங்கரா மீன எடுத்துக்க" என்று அவளே சொன்னாள். பக்கத்தில் உட்காருகிறவள் தலையில் அடித்துக்கொண்டாள். இடது கையால் அமுக்கேன் என்றால், "எடது கையால அமுக்கிக் குடுத்தா யாரு வாங்குவா?" என்பாள். முசேக்கு மட்டும் இராமதாஸ் அமுக்கிக் கொடுத்தார். அவர் அமுக்கும்போது ராஜாம்பாள் இடது கையால் ஒருமுறை சரிபார்ப்பாள். அதைப் பார்த்து முசே, "ரெண்டு டாக்டரு, ஒரு நோயாளி" என்பார். இராமதாஸ் அந்த மாதங்களில் எதையும் அப்பவே சொல்லவில்லை. ஒருநாள் மழை வந்து காயப்போட்ட வலை நனைந்தபோது வாய்வரை வந்ததை விழுங்கியதை நானே பார்த்தேன். கவிநிலா சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டாள்.

"வராது போல டீச்சர்" என்றாள் ராஜாம்பாள் ஒருநாள். அழவில்லை. அவளே கையில் ஈர்க்கை வைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணத் தொறந்து பாத்தா தொடுற மாதிரியே இருக்கு. மூடுனா யாரோட கையோ."

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டு வாய்க்காலில் தண்ணீர் நின்றிருந்தது. இன்னும் விளக்குப் போடவில்லை. இராமதாஸ் வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். ராஜாம்பாள் படியில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஏன், இன்னா?"

"உஸ்."

அவள் தன் ஆட்காட்டிவிரலைப் பார்த்தாள். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொசு. இராமதாஸும் பார்த்துவிட்டார். துண்டை எடுத்து ஓங்கினார்.

"அடிக்காதய்யா!"

துண்டு அந்தரத்தில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அந்தக் கொசுவைப் பார்த்தோம். அதன் வயிறு சிவந்துகொண்டு வந்தது.

ராஜாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே சொன்னாள்: "கடிக்குது."

"நெசமாவா?"

"கடிக்குது டீச்சர். எரியுது. இங்க." இடது கையின் விரலால் அந்த இடத்துக்கு ஒரு நெல் தள்ளிக் காட்டினாள். கொசு கனத்த வயிற்றோடு எழுந்து பறந்தது. கண்ணைத் திறந்து சொறியப் போனவள், சொறியாமல் நிறுத்தினாள். அரிப்பை அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராமதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெளக்கப் போடுறேன்" என்று எழுந்தார்.

"போடாத."

"கொசு புடுங்குதுடி."

"புடுங்கட்டும். நீ உள்ள போ." அவள் படியிலிருந்து இறங்கி வாய்க்கால் பக்கம் போய்க் குந்தினாள். வலது கையை இருட்டுக்குள் நீட்டி, மற்ற விரல்களை மடக்கிக்கொண்டாள். "இரு, நடுவெரல்ல ஒண்ணு உக்காரட்டும்."